பக்கத்தில் நிற்கிற ஆள் எதற்கு? ஆர்.பி.ஜி கேம்களின் துணைப்பாத்திரங்கள் பற்றி

போன மாதம் கொக்குவிலில் சித்தி வீட்டுக்குப் போனபோது சித்தியின் மகன் ஸ்கைரிம் என்ற கேம் விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் அவனுக்குப் பக்கத்தில், அந்தக் கேமில் துணைக்கு வருகிற லிடியா நிற்கிறாள். டிராகன் எலும்பு ஒன்றின் எடை 15. அதில் ஏழெட்டை அவள் தலையில் கட்டிவிட்டு, இரண்டு கோடரி, மூன்று கவசம், வழியில் பொறுக்கிய சட்டி பானை என்று ஏற்றிக்கொண்டே இருந்தான். "பாவமடா" என்றேன். "அண்ணை, உவள் ஒரு மாட்டு வண்டில். சாமான் ஏத்தத்தான் சரி. சண்டையில ஒரு பிரயோசனமும் இல்லை, வாசலை மறிச்சுக்கொண்டு நிப்பாள், அவ்வளவுதான்" என்றான். அடுத்த குகை வாசலில் அவளைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டுத் தனியே இறங்கினான். உள்ளே நாலு கொள்ளைக்காரர். நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மூன்று தரம் செத்தான்.

அவன் சொன்னதைத்தான் நிறையப் பேர் சொல்கிறார்கள். துணைக்கு வருகிறவர்கள் சுமைதூக்கிகள் என்று ஒரு கூட்டம், அவர்கள் கதைக்கும் காதலுக்கும் மட்டும்தான் என்று இன்னொரு கூட்டம், கெட்டிக்காரன் என்றால் தனியத்தான் விளையாடுவான் என்று மூன்றாவது கூட்டம். மூன்று பேரும் ஒரே இடத்தில்தான் பிழைக்கிறார்கள் என்பது என் எண்ணம்: துணையின் வாளை எடுத்துத் தங்கள் வாளோடு அளந்து பார்க்கிறார்கள். அங்கே அளந்தால் துணை எப்போதும் தோற்கும். அளக்க வேண்டிய இடம் வேறு. அதைத்தான் இங்கே, கேம் பக்கமே வராதவருக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள்

ஆர்.பி.ஜி என்றால் நீங்கள் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதை வளர்த்துக்கொண்டு கதைக்குள் போகிற கேம். துணைப்பாத்திரம் என்றால் அந்தக் கதையில் உங்களோடு கூடவே பயணம் செய்து, சண்டை வந்தால் உங்கள் பக்கம் நின்று அடிபடுகிற ஆள். கடைக்காரர், வேலை சொல்லி அனுப்பும் ஊர்ப் பெரியவர் போன்றவர்கள் இதில் சேரமாட்டார்கள்.

இந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். 1974இல் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. கணினி கிடையாது. நாலைந்து சிநேகிதர் மேசையைச் சுற்றி இருந்து, பேப்பர், பென்சில், பகடை வைத்து விளையாடுகிற விளையாட்டு. அந்த முதல் பதிப்பிலேயே ஆட்களை மூன்று வகையாகப் பிரித்துவிட்டார்கள்: வாள் பிடிக்கிறவர், மந்திரம் போடுகிறவர், காயம் ஆற்றுகிற பூசகர். ஒருவரால் முடியாததை மற்றவர் செய்வார், அதற்காகத்தான் அந்தப் பிரிப்பே. பிறகு இதே விளையாட்டைக் கணினிக்குள் கொண்டுவந்தபோது ஆட ஒரே ஒருவர்தான் இருக்கிறார், மேசையின் மற்றக் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. அந்தக் கதிரைகளில் கேம் தானாகவே இருத்திய ஆட்கள்தான் துணைப்பாத்திரங்கள்.

304 என்ற சீட்டாட்டம் தெரிந்தவருக்கு இதைச் சொல்லத் தேவையே இல்லை. எதிரே இருக்கிற உங்கள் பங்காளியின் கையில் ஒரு ஜாக் கூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் நீங்கள் வெல்லப்போகிற பிடியில் அவர் பார்த்து ஒரு ஏஸைப் போட்டால் 11 புள்ளி உங்கள் பக்கம் வருகிறது. அவருடைய சீட்டு பிடியை வெல்லவில்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்த 11 இல்லை.

கூழ் காய்ச்சும் கணக்கு

இனி மையமான விஷயத்துக்கு வருவோம். ஒடியல் கூழ் காய்ச்சுகிற வீட்டை நினைத்துப் பாருங்கள். நண்டு கழுவி உடைக்க வேண்டும், மீன் வெட்ட வேண்டும், பயத்தங்காய் முறிக்க வேண்டும், மரவள்ளிக்கிழங்கு அரிய வேண்டும், பலாக்கொட்டை உரிக்க வேண்டும், செத்தல் மிளகாய் அரைக்க வேண்டும், ஒடியல் மாவை ஊறப்போட்டு எடுக்க வேண்டும், பழப்புளி கரைக்க வேண்டும், இவ்வளவுக்கும் நடுவில் அடுப்பையும் பார்க்க வேண்டும். ஊரிலேயே கைதேர்ந்த சமையல்காரி என்றாலும் தனி ஆளுக்கு இரண்டு கைதான். நண்டோடு மினக்கெட்டால் உலை வற்றும், உலையைப் பார்த்தால் நண்டு கிடக்கும். பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று இருந்து பலாக்கொட்டையை மட்டும் உரித்துக் கொடுத்தால் போதும். பிள்ளைக்குக் கூழ் காய்ச்சத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அது உரிக்கிற நேரத்தில் அம்மாவின் கை நண்டில் இருக்கிறது.

சண்டையும் அதே கணக்குத்தான். பல ஆர்.பி.ஜி கேம்களில் சண்டை முறை வைத்து நடக்கும்: நீங்கள் ஒரு தரம், எதிரி ஒரு தரம். ஒரு முறைக்கு உங்களால் ஒரு அடி அடிக்கலாம், அல்லது ஒரு மருந்து குடிக்கலாம், அல்லது ஒரு மந்திரம் போடலாம். நேரம் ஓடிக்கொண்டே இருக்கிற கேம்களிலும் இது மாறாது, ஏனென்றால் வாளை ஓங்கும் கையால் அதே நொடியில் மருந்துக் குப்பியைத் திறக்க முடியாது. ஒரு சுற்றில் உங்கள் பக்கம் எத்தனை செயல் செய்கிறது, எதிரிப் பக்கம் எத்தனை செய்கிறது என்கிற இந்த ஒப்பீட்டை ஆட்டக்காரர்கள் ஆக்‌ஷன் எகானமி என்பார்கள். நான் செயல் கணக்கு என்று சொல்கிறேன்.

சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆகவே ஒரு சின்ன உதாரணத்தைக் கையில் எடுப்போம். இது எந்தக் கேமிலும் உள்ளதல்ல, கணக்குக்காக நான் கட்டியது. உங்கள் வீரனுக்கு 40 புள்ளி உயிர் (அது முடிந்தால் ஆள் விழுவார்), அவன் ஒரு அடியில் எதிரியிடம் 10 எடுப்பான். எதிரிகள் நாலு பேர், ஆளுக்கு 20 உயிர், ஆளுக்கு ஒரு அடியில் 5 எடுப்பார்கள். நீங்கள்தான் முதலில் அடிக்கிறீர்கள்.

தனியே போனால்: முதல் சுற்றில் ஒருவனைப் பாதி வெட்டுகிறீர்கள், நாலு பேரும் அடித்து 20 போகிறது. இரண்டாம் சுற்றில் அவன் விழுகிறான், மிச்ச மூன்று பேர் அடித்து 15 போகிறது. உங்களிடம் 5தான் மிச்சம். மூன்றாம் சுற்றில் அடுத்தவனைப் பாதி வெட்டியதும் மூன்று பேரும் அடிக்கிறார்கள், கதை முடிந்தது. எதிரிகளில் ஒரே ஒருவன்தான் செத்தான்.

இப்போது உங்களைப் போலவே ஒரு துணையைச் சேருங்கள். இரண்டு பேரும் ஒருவனையே அடித்தால் சுற்றுக்கு ஒருவன் விழுவான். முதல் சுற்றில் மிச்சம் மூன்று பேர், 15 போகிறது. அடுத்ததில் இரண்டு பேர், 10. அதற்கடுத்ததில் ஒருவன், 5. நாலாம் சுற்றில் அடிக்க ஆளே இல்லை. மொத்தம் வாங்கியது 30. அந்த 30ஐயும் ஒரே ஆள் வாங்கியிருந்தாலும் அவர் உயிரோடு இருப்பார்.

இதிலே எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. துணையே வேண்டாம், அதற்குப் பதில் உயிரை இரண்டு மடங்காக்கி 80 ஆக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். இரண்டு அடிக்கு ஒருவன் என்ற கணக்கில் அவர் வாங்குவது 20, 15, 15, 10, 10, 5, 5. கூட்டிப் பாருங்கள், சரியாக 80. ஏழாம் சுற்றில், கடைசி எதிரி பாதி உயிரோடு நிற்கும்போது இவர் விழுகிறார். இரண்டு ஆளின் உயிரை ஒரே உடம்பில் வைத்திருந்தும் தோற்றார், ஏனென்றால் சுற்றுக்கு ஒரு அடிதான் அவருக்கு.

உயிருக்குப் பதில் அடியை 20 ஆக்கினால்? உண்மைதான், அப்போது அவர் இரண்டு பேர் சேர்ந்து செய்ததையே தனியே செய்துவிடுவார். தனியே விளையாடி வெல்கிறவர்கள் இந்த வழியாகத்தான் வெல்கிறார்கள், அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 20 அடிக்கிற கை ஒரே ஒரு கை. எதிரியில் ஒரு மந்திரவாதி அதைக் கட்டிப்போட்டாலோ, தூங்க வைத்தாலோ அந்தச் சுற்றில் உங்கள் பக்கம் நடப்பது பூச்சியம். இரண்டு பேர் இருந்தால் பாதியாவது நடக்கும். 1998இல் வந்த பால்டர்ஸ் கேட்டில் உங்களோடு சேர்த்து ஆறு பேர் வரை போகலாம் என்று விட்டதற்குக் காரணம் இதை விளையாடிப் பார்த்தால் தெரியும்: அதில் ஆளை அசையவிடாமல் பண்ணுகிற மந்திரங்கள் ஏராளம்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். துணை என்றால் இன்னொரு வாள் என்பதற்கு முன் இன்னொரு முறை. அவருடைய அடி சின்னதாக இருந்தாலும் அந்த முறை உங்களுடையதைச் சாப்பிடாமல் தனியே வருகிறது.

ஐந்து புள்ளி உயிர்

பால்டர்ஸ் கேட் 3, 2023இல் வந்தது. அதில் நாலு பேராகப் போகலாம். புதிதாக விளையாடுகிறவர்கள் அங்கே ஒரு விஷயத்தில் கட்டாயம் குழம்புவார்கள். ஷேடோஹார்ட் என்கிற பூசகரிடம் ஹீலிங் வேர்ட் என்று ஒரு மந்திரம் இருக்கும். தொடக்க லெவலில் அது ஐந்தாறு புள்ளி உயிர்தான் கொடுக்கும். எதிரி ஒரு அடியில் அதைவிடக் கூட எடுத்துவிடுவான். இதைப் போட்டு என்ன பயன் என்று நினைத்து, நிறையப் பேர் அவளுக்கும் ஒரு தண்டாயுதத்தைக் கொடுத்து முன்னுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒரு சண்டையை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். கோப்லின்கள் அம்பு விடுகிறார்கள். மந்திரவாதி கேல் உயிர் பூச்சியத்துக்கு வந்து கீழே கிடக்கிறான். இந்தக் கேமில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறையில் ஒரு முழுச் செயலும், தனியாக ஒரு சிறு செயலும் உண்டு. ஹீலிங் வேர்ட் அந்தச் சிறு செயலில் போய்விடும், கிட்டப் போகவும் வேண்டாம், தூரத்தில் நின்றபடியே போடலாம். ஷேடோஹார்ட் அதைப் போடுகிறாள், கேலுக்கு ஐந்து புள்ளி. அவளுடைய முழுச் செயல் அப்படியே மிச்சம் இருக்கிறது, அதால் பக்கத்தில் நிற்கும் கோப்லினை அடிக்கிறாள். பிறகு கேலின் முறை வருகிறது. கிடந்தவன் எழும்பி மேஜிக் மிசைல் போடுகிறான். மூன்று அம்பு, ஒன்றுகூடத் தவறாது, மூன்றும் சேர்ந்து 6இலிருந்து 15 வரை எடுக்கும்.

அந்த ஐந்து புள்ளியை உயிராகப் பார்த்தால் ஐந்துதான். செயல் கணக்கில் பார்த்தால் அது ஒரு முழு ஆளின் முறையைத் திருப்பி வாங்கித் தந்தது. இப்படிக் காயம் ஆற்றுவதை வேலையாகக் கொண்டவரை ஹீலர் என்பார்கள். ஹீலரைப் பற்றிய பெரிய தவறான எண்ணம், அவர் எல்லாரையும் எப்போதும் முழு உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பது. பெரும்பாலான கேம்களில் அடிக்கிற வேகத்துக்கு ஆற்ற முடியாது. ஆகவே நல்ல ஹீலர் உயிரை நிரப்பிக்கொண்டு இருக்காமல், விழுந்தவரின் முறை வருவதற்குள் அவரை எழுப்பிவிடப் பார்ப்பார். உதைபந்தாட்டம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், கால் மடிந்து விழுந்த பெடியனுக்கு ஓடிப்போய் ஸ்ப்ரே அடிக்கிறவர் கோல் போடுவதில்லை, ஆனால் பத்துப் பேரோடு நின்ற அணி மறுபடி பதினொரு பேராகிறது.

கிளித்தட்டில் நிற்கிறவர்

சரி, தம்பியின் பெரிய முறைப்பாட்டுக்கு வருவோம். வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

கிளித்தட்டு விளையாடியவர்கள் இதை உடனே பிடிப்பார்கள். கோட்டில் நிற்கிறவர் தன் கோட்டை விட்டு வெளியே வரமுடியாது, கிளி மட்டும்தான் நடுக்கோட்டாலும் ஓடித்திரியலாம். குறுக்குக் கோட்டில் நிற்கிற ஒருவர் முழு ஆட்டத்திலும் ஒருவரைக்கூடத் தொடாமல் இருக்கலாம். ஆனால் அவர் கையை விரித்து அங்கே நிற்கிறார் என்பதாலேயே எதிரணி அந்தப் பக்கம் போகாமல் தயங்கி நிற்கும், அந்தத் தயக்கத்தில் கிளி வந்து பின்னால் தட்டிவிடும். தொட்டவர் பெயர்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், மறித்தவர் பெயர் இருக்காது. எனக்கு இது சின்ன வயதிலிருந்தே ஒரு மனக்குறை.

எதிரிகளின் அடியைத் தன் மேல் வாங்கிக்கொண்டு மற்றவர்களைக் காக்கிற ஆளை டாங்க் என்பார்கள். எதிரி யாரை அடிப்பது என்று எப்படித் தீர்மானிக்கிறான்? கேமுக்குக் கேம் வித்தியாசம் உண்டு, ஆனாலும் பொதுவாகக் கிட்ட நிற்கிறவர் யார், தன்னைக் கூடுதலாக அடிக்கிறவர் யார், வழியில் தடையாக நிற்கிறவர் யார் என்று பார்ப்பான். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விதிகளைப் பின்பற்றும் கேம்களில் இன்னொரு வேலியும் உண்டு: வாள் எட்டும் தூரத்தில் நிற்கிற ஒருவரை விட்டு விலகி ஓடப் பார்த்தால், அவர் தன் முறை வராமலே ஒரு அடி அடிக்கலாம். ஆகவே கவசம் போட்ட துணை ஒருவர் எதிரிக்கு முன்னால் போய் நின்றாலே எதிரிக்கு இரண்டு வழிதான். நின்று அந்தக் கவசத்தோடு மல்லுக்கட்டலாம், இல்லை ஒரு அடியை வாங்கிக்கொண்டு உங்களிடம் வரலாம். இரண்டுமே உங்களுக்கு நல்லது.

லிடியா கனமான கவசம் போடுகிற ஆள், கையில் கேடயமும் உண்டு. குகையில் ஒடுங்கிய வாசல் ஒன்றில் அவள் நின்றால் நாலு கொள்ளைக்காரரில் ஒருவனோ இருவரோதான் ஒரே நேரத்தில் அவளை எட்டலாம். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள், முதல் சுற்றில் போன 20, இப்போது 5 ஆகவோ 10 ஆகவோ குறைந்துவிடுகிறது. எதிரிகள் நாலு பேர் இருந்தும் அவர்களின் முறைகள் வீணாகப் போகின்றன. வீட்டுக்குள் வழியை மறிக்கும்போது எரிச்சல் வருவது உண்மைதான், எனக்கும் வரும். ஆனால் அதே பழக்கம் சண்டையில் பொன்.

ஆக, துணை இரண்டு பக்கத்தாலும் கணக்கைச் சாய்க்கிறார். உங்கள் பக்கச் செயல்களைக் கூட்டுகிறார், எதிரிப் பக்கச் செயல்களை வீணாக்குகிறார்.

"மழை வந்தால் ஒடியலை எடு"

துணைகள் மடையர்கள் என்ற பேச்சும் உண்டு. ஹீலர் பக்கத்தில் நிற்கிறாள், நான் சாகிறேன், அவள் பாட்டுக்கு எதிரியை அடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பார்கள். இதில் பாதிப் பிழை கேமினுடையது. மற்றப் பாதி நாங்கள் சொல்லிவைத்த விதத்தில் இருக்கிறது.

அம்மா சந்தைக்குப் போகும்போது மகனிடம் சொல்லிவிட்டுப் போகிறார்: "பால் பொங்கினா அடுப்பை நிப்பாட்டு. மழை வந்தா முத்தத்தில காயுற ஒடியலை எடு. ஒண்டும் இல்லாட்டி இருந்து படி." இரண்டு நிபந்தனை, மூன்று வேலை, அதோடு ஒரு ஒழுங்கு. படிப்பைக் கடைசியில் சொன்னதுதான் முக்கியம், ஏனென்றால் படிப்பதற்கு நிபந்தனையே இல்லை, எப்போதும் செய்யலாம்.

2006இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 12இல் துணைகளுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கிற விதிகளுக்கு கம்பிட் என்று பெயர். 2009இன் டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸில் டாக்டிக்ஸ் என்று பெயர். இரண்டும் ஒரே மாதிரித்தான். இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல், மேலிருந்து கீழாக ஒரு பட்டியல். துணை ஒவ்வொரு தடவையும் மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்து, எந்த நிபந்தனை முதலில் பொருந்துகிறதோ அந்த வேலையைச் செய்வார். கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்.

இப்போது ஒருவர் தன் ஹீலருக்கு முதல் வரியாக "எதிரி தெரிந்தால் அடி" என்றும் இரண்டாவது வரியாக "நம்மவர் உயிர் பாதிக்குக் கீழே போனால் ஆற்று" என்றும் எழுதுகிறார் என்று வையுங்கள். சண்டையில் எதிரி எப்போதும் தெரிவான். முதல் வரி எப்போதும் பொருந்தும். இரண்டாவது வரிக்கு அவள் வந்து சேரவே மாட்டாள், நீங்கள் கண்முன்னால் செத்தாலும். இரண்டு வரியையும் மாற்றிப் போட்டால் அதே ஹீலர் அதே கேமில் வேறு ஆளாகிவிடுவாள். நான் முதல் தரம் இதைக் கண்டுபிடித்தபோது இரவு ஒரு மணி, கதிரையை விட்டு எழும்பி நடந்தேன், அவ்வளவு சந்தோஷம். இன்றைக்கும் ஒரு கேமில் துணை உதவாக்கரை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, மேல் வரியில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதைத்தான்.

இப்படி எழுதும் வசதி இல்லாத கேம்களும் நிறைய, ஸ்கைரிம் அதில் ஒன்று. அங்கே நீங்கள் கொடுக்கிற ஆயுதம்தான் கட்டளை. நல்ல வில்லைக் கொடுத்தால் தூர நின்று அடிப்பாள், வாளும் கேடயமும் கொடுத்தால் முன்னுக்குப் போவாள்.

சண்டை இல்லாத நேரத்தில்

சுமை தூக்குவதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஸ்கைரிமில் தொடக்கத்தில் நீங்கள் தூக்கக்கூடியது 300. கவசமும் ஆயுதமும் போக மிச்சம் பெரிதாக இல்லை. துணை தூக்கினால் ஒரு குகைக்கு இரண்டு தரம் போகத் தேவையில்லை, அந்தக் காசு பிறகு நல்ல கவசமாகும். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் நட்டம்.

பூட்டுத் திறப்பது, பொறியைக் கண்டுபிடிப்பது, ஆட்களோடு கதைத்து ஒரு காரியத்தைச் சாதிப்பது எல்லாம் ஒவ்வொருவருக்கு ஒவ்வொன்றாக அமையும். உங்கள் பாத்திரம் வாள்காரன் என்றால் பூட்டுக்கு பால்டர்ஸ் கேட் 3இல் அஸ்டேரியன் இருக்கிறான், அவன் தொழிலே அது. நீங்கள் எல்லாவற்றையும் அரைகுறையாகப் படிக்க வேண்டாம்.

இன்னும் சின்ன உதவி ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. அதே கேமில் கைடன்ஸ் என்று ஒரு மந்திரம், செலவே இல்லை. ஒரு காவலாளியோடு கதைத்து மனம் மாற்றப் பார்க்கிறீர்கள், 20 முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று வைப்போம். அப்படி விழ 20இல் 6 வாய்ப்பு, அதாவது 30 சதவீதம். பக்கத்தில் நிற்கிற துணை கைடன்ஸ் போட்டால் 4 முகப் பகடை ஒன்றையும் உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம். வாய்ப்பு 42.5 சதவீதமாகிவிடும். துணை ஒரு சொல்லும் கதைக்கவில்லை, பின்னால் நின்று கையை அசைத்தது மட்டும்தான்.

பிறகு மனம். டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸில் ஒவ்வொரு துணைக்கும் உங்களைப் பற்றி ஒரு மதிப்பெண் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் எடுக்கிற முடிவு பிடித்தால் ஏறும், பிடிக்காவிட்டால் இறங்கும். ஏறினால் அவர்களின் பலமே கூடும். அடியோடு இறங்கினால் சிலர் விட்டுப் போய்விடுவார்கள், சில முடிவுகளுக்கு வாளை உங்கள் மேலேயே திருப்புகிறவர்களும் உண்டு. ஆகவே கதைக்காகத்தான் துணை என்பவர்களும் முழுக்கப் பிழை சொல்லவில்லை. ஆனால் கதையும் கணக்கும் அங்கே வேறு வேறாக இல்லை. முகாமில் இருந்து அவரோடு கதைக்கிற பத்து நிமிடம் அடுத்த சண்டையில் தெரியும்.

எப்போது பாரமாகும்

எல்லா நேரமும் துணை நல்லது என்று சொன்னால் அது பொய். பழைய பால்டர்ஸ் கேட்டில் எதிரியைக் கொன்று வருகிற அனுபவப் புள்ளியைக் கூடப் போகிறவர்களுக்குப் பங்கு பிரித்துவிடும். ஆறு பேராகப் போனால் ஆறில் ஒன்று, மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று. ஆட்களைக் குறைத்தால் லெவல் வேகமாக ஏறும். துணை எடுத்தால் வளரமாட்டாய் என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாக் கேமிலும் அப்படி இல்லை. பால்டர்ஸ் கேட் 3இல் பங்கு பிரிப்பதே இல்லை, முகாமில் இருக்கிற துணைகூட உங்களோடு சேர்ந்தே லெவல் ஏறுவார். அங்கே தனியே போவதால் ஒரு புள்ளியும் மிச்சமாகாது.

ஒளிந்து பதுங்கிப் போகிற ஆட்டத்தில் துணை சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடுவார். நெருப்புக் குண்டு மாதிரிப் பெரிய மந்திரங்கள் பல கேம்களில் நம்மவரையும் சேர்த்தே சுடும், அப்போது துணை எங்கே நிற்கிறார் என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும்.

தனியே போகிறவர்களுக்கு 2017இல் வந்த டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 ஒரு வழி வைத்திருக்கிறது. லோன் வுல்ஃப் என்ற திறமையை எடுத்தால், தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்கு உயிரும் கவசமும் கூடும், அதோடு ஒவ்வொரு முறையிலும் கூடுதலாகச் செயல்கள் செய்யலாம். கேமைச் செய்தவர்கள் குறைந்த ஆட்களுக்கு ஈடாகக் கொடுத்ததைக் கவனியுங்கள். வெறும் பலத்தைக் கொடுத்தால் காணாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, கூடுதல் செயலையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

யாரைக் கூட்டிக்கொண்டு போவது

புதிதாகத் தொடங்குகிறவர் ஒன்றைப் பார்த்தால் போதும்: உங்களால் என்ன செய்ய முடியாது? நீங்கள் தூர நின்று அம்பு விடுகிறவர் என்றால் முன்னால் நிற்க ஒரு டாங்க். நீங்களே முன்னால் நிற்கிறவர் என்றால் ஒரு ஹீலர். உங்களைப் போலவே இன்னொருவரைச் சேர்ப்பது தவறில்லை, கணக்கில் பார்த்தோமே, அதுவும் உதவும். ஆனால் வேறு வேலை தெரிந்தவர் அதைவிடக் கூடுதலாக உதவுவார். அதன் பிறகு அவருக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். நல்ல கவசம் கிடைத்தால் எல்லாவற்றையும் தானே போட்டுக்கொண்டு, துணைக்குப் பழைய துருப்பிடித்ததைக் கொடுக்கிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அடி வாங்கப்போவது அவர்தானே.

அன்றைக்குக் கொக்குவிலில் தம்பி லிடியாவைத் தேடிப்போய்த் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தான். டிராகன் எலும்பு எல்லாவற்றையும் வீட்டுப் பெட்டிக்குள் போட்டான், தான் விற்க வைத்திருந்த ஒரு ஸ்டீல் கவசத்தையும் கேடயத்தையும் அவளுக்குக் கொடுத்தான், தான் வில்லை எடுத்துக்கொண்டான். அதே குகை, அதே வாசல். அவள் போய் வாசலில் நின்றாள், வழக்கம்போல. இரண்டு கொள்ளைக்காரர் அவளோடு மினக்கெட, மற்ற இரண்டு பேரும் அவளைத் தாண்டி வர முடியாமல் பின்னால் நின்று தவித்தார்கள். இவன் பின்னால் நின்று ஒவ்வொருவராக விழுத்தினான். மூன்றாவது ஆளுக்கு விட்ட அம்பு போய் லிடியாவின் முதுகில் குத்தியது.

"ஐயோ, சொறி சொறி" என்றான் திரையைப் பார்த்து. "கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லன்."